மறுபடி அழைக்கலாமா?

டார்லா எங்கெப்ரட்சன் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் செய்ததைக் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வடக்கு டகோட்டாவின் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். பத்து வருஷமாகப் பொது வார்டின் பகல் ஷிஃப்டுக்குப் பொறுப்பு. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், ஹாட்டிஷ் என்று அந்த ஊரில் சொல்கிற, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட பதார்த்தத்தைச் சூடான பாத்திரத்தோடு துணியால் பிடித்துக்கொண்டு முதலில் வாசலில் நிற்பவள் அவள்தான்.

கியோனா ப்ரூயிட் மிசிசிப்பிக்காரி. பதின்மூன்று வார ஒப்பந்த நர்ஸாக டிசம்பரில் வந்து சேர்ந்தாள். அந்தக் குளிரில் ராத்திரி கார் இன்ஜின் உறைந்துபோகாமல் சூடாக இருக்க மின்சார வயர் சொருகி வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வாரமே கார் கட்டையாகிக் கிடந்தது. டார்லாதான் தன் வீட்டு வயரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ், மிஸ் டார்லா."

"மிஸ் எல்லாம் வேணாம்மா. நான் என்ன ஸ்கூல் டீச்சரா?"

"பெரியவங்கள மொட்டையா பேர் சொல்லிக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா அங்கிருந்தே வந்து என் பல்லை உடைப்பாங்க, மிஸ் டார்லா."

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து வரும் நர்ஸ்களின் தலையில்தான் எங்கும் கனமான நோயாளிகளைக் கட்டுவார்கள். வேறு வார்டில் ஆள் குறைந்தால் முதலில் அங்கே துரத்தப்படுவதும் அவர்கள்தான். டார்லாவும் அப்படித்தான் செய்தாள். கியோனா ஒரு நாள்கூட முகத்தைச் சுளித்ததில்லை. டார்லாவின் மகன் இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டு, கிறிஸ்துமஸ் அன்று அவளுடைய ஷிஃப்டையும் தானே பார்த்தாள்.

வினை பிப்ரவரியில், சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கேசி என்கிற இளம் நர்ஸுக்கு, ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கலாமா என்று ஒரு யோசனை. எப்போதும் போனில் அந்த விளம்பரங்களையே நோண்டிக்கொண்டிருப்பாள்.

"குளிர்காலத்துல இந்தப் பக்கம் சம்பளம் ஏறுது. யாரும் வர மாட்டாங்கல்ல, அதான். கலிபோர்னியால இன்னும் மேல, ஆனா வாடகையே பாதியை முழுங்கிடும். தெக்க போனா ஒண்ணும் தேறாது," என்று சந்தை நிலவரம் சொன்னாள் கேசி. "அட, இங்க பாருங்க! இது நம்ம வார்டு!"

"எவ்ளோவாம்?" என்றாள் டார்லா, சும்மா ஒரு பேச்சுக்கு.

"வாரத்துக்கு ரெண்டாயிரத்து எழுநூறு டாலர்."

டார்லாவின் முள்கரண்டி பாதியில் நின்றது. கியோனா வாங்குவது அதுதான் என்றால், டார்லாவுக்கு வருவது அதில் பாதி. போன இலையுதிர் காலத்தில், மணிக்கு ஒரே ஒரு டாலர் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாள். பட்ஜெட்டில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

கோபம் வந்ததில் தப்பே இல்லை. எனக்கு வந்திருந்தால் நாற்காலியைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய நிர்வாகம் மூன்று மாநிலம் தள்ளிக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தது. கியோனாவோ ஏழாம் படுக்கைக் கிழவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டு கண்ணெதிரே நின்றாள்.

மார்ச் நடுவில் ஒப்பந்தம் முடிந்தது. வார்டு மேலாளர் குவென் விடுப்பில் இருந்ததால் கியோனாவைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவம் டார்லாவிடம் வந்தது. நேரத்துக்கு வருகிறாரா? ஆம். வேலை தெரிகிறதா? ஆம். மறுபடி அழைக்கலாமா? டார்லா 'இல்லை' என்பதை அழுத்தினாள். காரணம் எழுதாமல் படிவம் நகர மறுத்தது. 'எங்களோடு ஒட்டவில்லை' என்று தட்டி அனுப்பினாள். பிறகு போய் வழியனுப்பும் கேக்கை வெட்டி, முதல் துண்டைக் கியோனாவுக்குக் கொடுத்து, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அடுத்த குளிர்காலத்துக்கு இவள் இங்கே வர மாட்டாள், அவ்வளவுதான் என்று டார்லா நினைத்திருந்தாள். அந்த நிர்வாகத்துக்கு ஆறு மாநிலங்களில் முப்பது ஆஸ்பத்திரிகள் உண்டு என்பதும், ஓரிடத்தில் விழும் 'இல்லை' முப்பது கதவையும் சாத்திவிடும் என்பதும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் மெனக்கெடவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கியோனா போன் செய்தாள்.

"மிஸ் டார்லா, எங்க ஊர்லயே, இதே நிர்வாகத்து ஆஸ்பத்திரில, வேலை கிடைச்சிருந்துச்சு. வீட்டுல இருந்து பதினோரு நிமிஷம். சம்பளம் உங்க ஊர்ல வாங்கினதுல பாதிகூட இல்ல, இருந்தா என்ன? ரெண்டு வருஷமா என் பொண்ணு எங்கக்கா வீட்டுல வளருறா. இந்த தடவை அம்மா எங்கயும் போக மாட்டேன்னு நைலாகிட்ட சொல்லிட்டேன். இப்ப என் பேர்ல ஏதோ குறி இருக்காம், வேலைக்கு எடுக்க முடியாதாம். உங்க ஆஸ்பத்திரில யாரோ தப்பா எழுதிட்டாங்க."

"அப்படியா?" என்றாள் டார்லா.

"என் வேலையை உங்களைவிட யாருக்குத் தெரியும்? நல்லதா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்களேன்."

டார்லா எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதிய மிக நல்ல கடிதம் அதுதான். இரண்டு பக்கம், ஒரு வரிகூடப் பொய்யில்லை. எழுதி முடித்ததும் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். படிவத்தைத் திரும்பப் பெறலாமே என்ற எண்ணம் வராமலில்லை. ஆனால் குவெனிடம் சொல்ல வேண்டும். ஊருக்கே தெரிந்துவிடும். கடிதமே போதும், கடவுளே, கடிதமே போதும் என்று வேண்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னாள். அங்கே எந்தப் பாவம் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் சொல்லியும் பாரம் இறங்கவில்லை.

பத்து நாளில் மறுபடி போன்.

"லெட்டர் செல்லாதாம், மிஸ் டார்லா. யார் 'இல்லை'ன்னு போட்டாங்களோ அவங்களேதான் எடுக்கணுமாம். யாருன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. அந்த நைட் ஷிஃப்ட் வாண்டாவா இருக்குமோ? அவ என்னைப் பாத்தாலே உர்ர்னு இருப்பா."

"தெரியலையேம்மா," என்றாள் டார்லா.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. வாண்டா உர்ரென்று இருப்பவள்தான், எல்லோரிடமும் அப்படித்தான். ஆனால் யார் வயிற்றிலும் அடித்ததில்லை. விடிந்ததும் டார்லா குவெனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

குவென் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நீயா? அந்தப் பொண்ணை அடுத்த வருஷமும் அனுப்புங்கன்னு நான் மேலிடத்துல கெஞ்சிக்கிட்டிருக்கேன், நீயா?"

"எனக்கு ஒரு டாலர் தர மாட்டேன்னீங்க."

"ஆமா, தரல. அதுக்கு என் கார் டயரைக் குத்தியிருக்கலாம்ல?" குவென் கணினியைத் திருப்பி, டார்லாவையே இரண்டு இடத்தில் அழுத்தச் சொன்னாள். குறி போய்விட்டது. "ரெண்டு நிமிஷ வேலை டார்லா. அஞ்சு வாரமா என்ன பண்ணிட்டிருந்த?"

மிசிசிப்பி ஆஸ்பத்திரிக்குக் குவெனே பேசிப் பார்த்தாள். போன வியாழக்கிழமையே அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. அடுத்த காலியிடம் இனி இலையுதிர் காலத்தில்தான்.

"அவகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றாள் குவென்.

"வேணாம். நான் சொல்றேன்."

மத்தியானம் காரில் உட்கார்ந்து போன் செய்தாள். கியோனா சந்தோஷமாக எடுத்தாள். பின்னால் டிவியில் கார்ட்டூன் ஓடும் சத்தம். டார்லா சுற்றி வளைக்காமல் சொன்னாள். அழுத்தியது நான்தான். உன் சம்பளத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. லெட்டர் எழுதினபோதும் தெரியும். வாண்டா பேரைச் சொன்னபோதும் தெரியும்.

கியோனா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"காரணம்னு என்ன போட்டீங்க?"

"எங்களோட ஒட்டலன்னு."

"கிறிஸ்துமஸுக்கு உங்க ஷிஃப்ட்டைப் பாத்தேனே," என்றாள் கியோனா. குரல் உயரவில்லை. "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், எங்க சேரலாம், எப்படிப் பேசி சம்பளம் வாங்கலாம்னு. இங்க எங்க ஊர்ல நான் பெர்மனென்ட்டா இருந்தப்ப உங்களைவிடக் கம்மிதான் வாங்கினேன். அதனாலதான் அங்க வந்தேன்."

"எனக்கு எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னே தெரியல."

"ஞாயித்துக்கிழமை கலிபோர்னியா கிளம்பறேன். இன்னும் பதிமூணு வாரம். நைலாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே சொல்லுங்க."

"கியோனா, வேணாம்மா..."

போன் கை மாறியது. மூச்சு வாங்கும் சத்தம். "ஹலோ? நீங்கதான் எங்கம்மாவுக்கு அழகா லெட்டர் எழுதின மிஸ் டார்லாவா? அம்மா எனக்குப் படிச்சுக் காட்டினாங்க."

ஆமாம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட நாக்கின் நுனிவரை வந்தது. டார்லா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா கண்ணு. ஆனா அதுக்கு முன்னாடி கெட்டதா ஒண்ணு எழுதினேன். அதனால அம்மாவுக்கு உங்க ஊர்ல வேலை போயிடுச்சு. அம்மா மறுபடி தூரமாப் போகணும்."

"ஏன் கெட்டதா எழுதினீங்க?"

"அம்மாவுக்கு என்னைவிட அதிகமா சம்பளம் குடுத்தாங்க. அதான்."

குழந்தை யோசித்தது. "குடுத்தது அவங்கதானே? அம்மா என்ன பண்ணுவாங்க?"

டார்லா வாயைத் திறந்தாள். வந்தது அழுகைதான்.

"அம்மா," என்று நைலா அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டது தெளிவாகவே காதில் விழுந்தது. "அவங்க அழுவுறாங்க. நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் கியோனா. "போனை வெச்சிரு."