சுற்றிப் பறந்த கவுன்

டெய்லர் வெட்டுமேசை மேல் வரைபடத்தை விரித்து, தன் ஊருக்கும் மகள் ஊருக்கும் நடுவே இஞ்ச் டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்தார். இரண்டு ஊரிலும் குட்டியாக ஒரு விமான நிலையம் உண்டு. நாலே இஞ்சு, கணக்குப் போட்டால் அறுநூறு கிலோமீட்டர்.

"ஒரு மணி நேரம்டி! நீ கொட்டாவி விட்டு வாயை மூடுறதுக்குள்ள வந்து நிப்பேன்" என்று, முன்கூட்டியே ரயிலேறி மகளிடம் போய்விட்ட மனைவிக்குப் போனில் சொன்னார்.

மறுநாள் மாலை மகளுக்குக் கல்யாண வரவேற்பு. அவள் போடவேண்டிய கவுன் இவர் கையில். அது போய்ச் சேராவிட்டால் மணப்பெண் நைட்டியோடுதான் மேடை ஏறவேண்டும்.

காலையில் விமானம் மேலேறியதும் வெயில் தப்பான ஜன்னலில் அடித்தது. டெய்லர் சீட்டிலிருந்து எம்பிக் கத்தினார்.

"பைலட் வழி தப்பிட்டாருங்க!"

பக்கத்து சீட்டில் இருந்த உள்ளூர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா குலுங்கிச் சிரித்தார். "அவர் சரியாத்தான் போறாரு அண்ணே. நம்ம ஊர்லேர்ந்து அங்க நேர் விமானம் ஏது? பின்னாடி இருக்கற பெரிய ஊருக்குப் போய், காத்துக் கெடந்து, வேற விமானம் பிடிக்கணும். நானும் அங்கதான் வரேன். டிக்கெட்டைப் பாக்கலியா?"

எங்கே பார்த்தார்? மாப்பிள்ளை எடுத்து அனுப்பிய டிக்கெட். விமான நிலைய வாசலில் போனை நீட்டியதோடு சரி.

பெரிய விமான நிலையத்தில் இறங்கி, பயந்துகொண்டே மனைவியைக் கூப்பிட்டார். "சாயங்காலம் ஆயிடும்மா..."

"நல்லா இருக்கு! ஒரு மணி நேரத்துல வந்துடுவீங்கன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டேன். இருங்க, உங்க பொண்ணு பேசணுமாம்."

"அப்பா, திட்டாதீங்க. அம்மா வந்ததுலேர்ந்து ஊட்டி ஊட்டி... இடுப்பு ரெண்டு இஞ்சு ஏறிடுச்சு."

"ரெண்டுதானா?"

"...மூணு."

இவர் வந்து இறங்கும் நேரத்துக்கு அவள் உடுத்திக்கொள்ளத்தான் பொழுது இருக்கும், பிரித்துத் தைக்க இருக்காது. டெய்லர் சட்டைக் காலரில் நூலோடு குத்தியிருந்த ஊசியை உருவினார். கவுன் ஐந்து நாற்காலிகளை விழுங்கியது. நர்ஸம்மா ஒரு முனையைப் பிடிக்க, பல்லாலேயே தையலைப் பிரித்தார். பெட்டி தள்ளிக்கொண்டு போன ஊர் உலகமே நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் அடுத்த விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். மறுபக்கத்தை மேகத்துக்குள் தைத்தார்.

"ஐயா, ஊசியை உள்ள வைங்க. இறங்கப் போறோம்" என்றாள் பணிப்பெண்.

"இன்னும் ஒரு சாண் பாக்கி கண்ணு. பைலட் தம்பிகிட்ட கொஞ்சம் சுத்திப் போகச் சொல்லேன்!"

அவள் பதில் சொல்லுமுன் ஒலிபெருக்கி கரகரத்தது: ஓடுபாதை காலியாக இல்லை, சற்று வட்டமடிக்க வேண்டும். விமானமே முணுமுணுத்தது. டெய்லர் மட்டும் ராஜா மாதிரி கால் நீட்டித் தைத்தார்.

"உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்றார் நர்ஸம்மா.

மண்டபத்தின் பின்னறையில் மனைவி கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசிக் கொக்கியும் சுலபமாக மாட்டிக்கொண்டது. மகள் மூச்சைப் பிடித்தபடி சிலையாக நின்றாள்.

"அப்பா, இதோட உக்காரலாமா?"

"உக்காரு, குதி, ஆடு! வேணும்னா இன்னொரு தட்டு சாப்பிட்டுட்டு மேடை ஏறு!"