கோலாலம்பூர் எத்தனை முழம்?

மாடிப்படிகளை மூன்று மூன்றாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய விமானம் ஏற்கெனவே வானத்தில் இருந்தது. நூற்றெண்பது பயணிகள். இரண்டு ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை மட்டும் யாரும் சொல்லியனுப்பவில்லை. தூரம் தெரியாத விமானம் தரையிறங்கக் கூடாது என்பது விதி. எரிபொருளுக்கு விதி தெரியாது.

தூர நிர்ணய அலுவலகத்தில் அதிகாரி இருதயராஜ் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"படிவம் ஏழு கொண்டாந்தீங்களா?"

"இல்ல சார்."

"நல்லவேளை. அத ஒழிச்சாச்சு. அவசரத் தூரமா, சாதாரணத் தூரமா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"அவசரத்துக்கு ஆள் உண்டு."

பின்கதவைத் திறந்தார். நீண்ட நடைகூடம். இந்த முனை திருச்சி, அந்த முனை கோலாலம்பூர், நடுவில் கடல்.

திருச்சி முனையில் செங்கமலம் குந்தியிருந்தார். பேருந்து நிலையத்தில் பூ விற்கிறவர். முழம் போடுவதில் கை பிசகியதே இல்லை என்பதால் வேலைக்கு எடுத்திருந்தார்கள். மல்லிகைச் சரத்தின் நுனியைத் தரையில் அழுத்தி அளக்க ஆரம்பித்தார். முழங்கை, விரல்நுனி. முழங்கை, விரல்நுனி.

நடைகூடம் நீண்டது. அவர் சட்டை செய்யவில்லை. அது நீள நீள இவர் முழம் போட்டார். நிக்கோபார் பக்கம் தரை ஈரமாயிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். அப்படியொரு கையை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் நடைகூடம்தான் களைத்து நின்றது.

"தொண்ணூத்தி நாலு," என்றார். பிறகு ஒரு சாண் கூடுதலாக விட்டு, சரத்தை நறுக்கப்போனார்.

இருதயராஜ் பதறிவிட்டார். "அம்மா! அதென்ன?"

"கொசுறு."

"விமானம் ஓடுபாதையத் தாண்டித் தோப்புக்குள்ள போயிடும்மா!"

"முப்பது வருசமா வெறும் முழம் அளந்து யாருக்கும் குடுத்ததில்ல சார். இன்னிக்கு நூத்தியெம்பது பேருக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

எரிபொருள் பதினோரு நிமிடம்தான் என்றது சுவர்க்கடிகாரம். ஒன்பது என்று திருத்திக்கொண்டது.

"அக்கா, இந்த ஒரு தடவ மட்டும்..."

"நீ சும்மா இரு தம்பி." செங்கமலம் கோலாலம்பூர் முனையை ஒரு பார்வை பார்த்தார். "அந்த ஏர்போர்ட்ட ஒரு சாண் தள்ளி உக்காரச் சொல்லுங்க சார்."

இருதயராஜ் தொலைபேசியில் மெதுவாகக் கேட்டார். நெடுநேரம் தலையாட்டினார். வைத்தார்.

"தள்ளிக்கிட்டாங்க. இதுக்குப் போயி இவ்வளவு தயங்கணுமான்னு கேக்கறாங்க."

எத்தனையோ வழிகாட்டும் கருவிகள் எனக்குத் தெரியும். எதுவும் ஒரு விமான நிலையத்தை நகர்த்தியதில்லை. கொசுறோடு வாழையிலையில் பொதிந்து அவர் நீட்டிய தூரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"ஓடு தம்பி. மேல பிளேன் ஓட்டறவரு காத்துக்கிட்டிருப்பாரு."

"அந்த சீட்டு காலிக்கா," என்றேன். "ஓட்டறது நான்தான்."