தோளோடு சேர்த்து

நவம்பரின் முதல் வெள்ளிக்கிழமை, காலை ஆறரை. முதல் வெடியிலேயே வில்பிரட் தடுமாறிப் பின்னால் போனான். குறிபார்த்துப் பழக மேலே எறியப்பட்ட களிமண் தட்டு உடையாமல் மணலில் விழுந்தது.

"துப்பாக்கி நல்லாத்தான் சுடுது மாப்ள. உன்னைய," என்றான் லுக்மான்.

ஷார்ஜாவுக்கு அப்பால் இருந்த அந்தத் தனியார் வேட்டைப் பண்ணைக்கு விருந்தாளிகளை ஏற்றிவரும் டிரைவர் லுக்மான். காயல்பட்டினத்துக்காரன். துபாய் கராமாவில் வில்பிரட்டின் ரூம்மேட். பண்ணையில் துப்பாக்கி உதவியாளர் வேலை காலி என்று தெரிந்ததும் மேனேஜர் சேதுமாதவனிடம் இவனைச் சொல்லிவைத்தவனும் அவன்தான். விருந்தாளி சுட்டு, சாகாமல் அடிபட்டுப் பறக்கும் கௌதாரியை உதவியாளர் வீழ்த்த வேண்டும். அதனால் சுடத் தெரிய வேண்டும். தெரிந்தால் வேலை; வேலையோடு குடும்பக் குவார்ட்டர்ஸ். கல்யாணமாகியும் எப்சிபா அல் குசைஸில் நர்ஸ் ஹாஸ்டலில் இருந்தாள். வாரம் ஒருமுறை பார்க்கில் உட்கார்ந்து பேசிவிட்டு ஆளுக்கொரு பஸ் ஏறும் தம்பதி அவர்கள்.

அடுத்த தட்டும் உடையவில்லை. குளச்சல் கடலில் வலை இழுத்த உடம்பு அவனுடையது. பின்னால் சாய்ந்தே அதற்குப் பழக்கம். உதைக்குமே என்ற பயத்தில் துப்பாக்கிக் கட்டையைத் தோளில் ஒட்டாமல் பிடித்தான். அந்த இடைவெளியில் உதை ஓடிவந்து குத்தியது.

"கலாஸ், முடிஞ்சுது வில்பிரட்," என்றார் சேதுமாதவன். "விருந்தாளிங்க சிரிப்பாங்க."

லுக்மான் அவர் பின்னாலேயே போனான். "சார், இன்னொரு வாட்டி பாருங்க. அதுலயும் விட்டான்னா இனி யாருக்காகவும் உங்க முன்னால வந்து நிக்கமாட்டேன்."

சேதுமாதவன் யோசித்தார். "ஜும்மா முடியட்டும். ஒரே ஒரு வாட்டி."

லுக்மான் தொழப் போனான். வில்பிரட் வேனுக்குள் சட்டையைக் கழற்றி, எப்சிபாவை வீடியோவில் கூப்பிட்டான். அவள் நர்ஸின் கண்ணோடு பார்த்தாள்.

"காயம் கைச்சதையிலல்லா இருக்கு. தோள்குழியில ஒண்ணுமே இல்ல. கட்டைய எங்க வச்சீங்க?"

"தோள்லதான்."

"பொய்." சிரிப்பை அடக்கினாள். "அலையில வள்ளம் தள்ளும்போ எப்பிடி நிப்பீங்க?"

"தோளக் குடுத்து, ஒட்டி நிப்பேன். இடம் விட்டா அலை வள்ளத்தத் தூக்கி நெஞ்சுல அடிச்சிரும்லா."

சொன்னவனின் கை தோள்குழியைத் தொட்டுப் பார்த்தது.

"அதான். வைக்கட்டா? டியூட்டி."

லுக்மான் திரும்பி வந்தான். மறுபடி துப்பாக்கியை வாங்கிய வில்பிரட் இடது காலை முன்வைத்தான். முட்டியைச் சற்று மடக்கி, எடையை முன்காலில் போட்டான். கட்டையைத் தோள்குழியில் அழுத்திக் கன்னத்தை அதன்மேல் பதித்தான். வெடித்தது. உதை தோளில் நிற்காமல் உடம்பெங்கும் இறங்கி மணலுக்குள் போனது. தட்டு தூளானது. அடுத்ததும்.

"ஒண்ணாம் தேதி வந்துரு," என்றார் சேதுமாதவன். "வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வா."

வில்பிரட் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னான்.

"என்னையும் சேத்துச் சொல்லு," என்றான் லுக்மான்.

திரும்பும் வழியில் ஷார்ஜாவின் ரோலா நெரிசலில் வேன் ஊர்ந்தது. எப்சிபா அழுதுகொண்டே அனுப்பிய குரல்செய்தியை வில்பிரட் திரும்பத் திரும்பக் கேட்டான். லுக்மானுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான். அவனுக்கு எப்படி நன்றி சொல்வது? நன்றி என்று வாயைத் திறந்தால் லுக்மான் கெட்ட வார்த்தையில் திட்டுவான். விருந்தாளிகளை இறக்கிவிட்டு லுக்மான் ரூமுக்கு வர எப்போதும் தாமதமாகும். அவன் பங்குச் சோற்றை எடுத்து மூடிவைத்துக் காத்திருப்பது வில்பிரட்தான்.

"இனி நீ லேட்டா வந்தா உனக்குச் சோறு யாரு மக்கா எடுத்து வைப்பா?"