புனிதாவின் மீசை

புனிதா ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஆகி இரண்டு மாதம் ஆகிறது. கோலா கிளாவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது. "மூணு மாசம் பாப்போம்" என்றுதான் மேனேஜர் சொல்லியிருந்தார். ஆட்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையென்றால் பழையபடி உரம் தூவப் போக வேண்டும். இருபது வருடம் தூவியாயிற்று, நகக்கண் அரிப்பு இன்னும் போகவில்லை. இன்றைக்குப் புதிதாக எட்டு இந்தோனேசிய ஆட்கள் குலை வெட்ட வருகிறார்கள். அவர்கள் கேட்டால்தான் பிழைப்பு.

லோரிக்கு முன்னால் போய்விட வேண்டுமென்று மோட்டாரை விரட்டி வந்தவள், பிளாக் முகப்பில் சடாரென்று பிரேக் போட்டாள். ஆபீசில் கணக்கெழுதும் இளம் கிராணி கஜன் புதுப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். 'மண்டோர்: புனிதா' என்று கொட்டை எழுத்து. மேலே ஓர் ஆம்பிளை படம். அவளுடைய கட்டம் போட்ட சட்டை, அவளுடைய பச்சைத் துண்டு, செம்பனை முள் கிழித்த அதே கன்னத்துத் தழும்பு. உதட்டுக்கு மேலே முறுக்கு மீசை. தன் அண்ணனோ என்று ஒரு கணம் நினைத்தாள். அவளுக்கு அண்ணனே கிடையாது.

"யாரு கிராணி இது?"

"நீங்கதான்கா. அனுப்புன படம் மங்கலா இருந்துச்சு. தோட்டத்து மண்டோர், தெளிவாக்குன்னு ஏஐல போட்டேன். அதுவா மீசை வச்சிருச்சு. கவனிக்காம பிரிண்ட்டுக்குக் குடுத்துட்டேன் லா."

"பொம்பளைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

கஜன் அங்கேயே போனில் தட்டினான். பட்டுச்சேலையில் ஒரு சிவத்த பெண் வந்தாள். முதுகில் கூடை.

"என்னய்யா இது, கொழுந்து கிள்ளுறா? இங்க ஏது தேயில?"

செம்பனை என்று சேர்த்தான். அதே பெண் தலை நிறையப் பூவும் நகையுமாக, இடுப்பில் தேங்காய் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹெல்மெட் போடச் சொன்னான். ஹெல்மெட் வந்தது. பெண் போய், மீசை திரும்பி வந்துவிட்டது.

"உலகத்துப் படத்தையெல்லாம் பாத்திருக்குமாமே. ஹெல்மெட் போட்ட தமிழ்ப் பொம்பள ஒருத்தியக்கூடவா பாக்கல?"

கஜன் போனைப் பைக்குள் போட்டான்.

அதற்குள் லோரி வந்து நின்றது. இறங்கிய எட்டுப் பேரும் பலகையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"மக்சிக், மண்டோர் எங்க?" என்று ஒருவன் அத்தை முறை வைத்து மலாயில் கேட்டான்.

"நான்தான்."

அவன் மரியாதையாகச் சிரித்தான். படத்தைக் காட்டி, "உங்க வீட்டுக்காரரா?" என்றான்.

அந்த நேரம் பார்த்து சன்னாசி டிராக்டரில் வந்தான். அவனுக்கும் மீசை உண்டு. எட்டுப் பேரும் ஓடிப்போய் அவனிடம் வேலை அட்டையை நீட்டினார்கள்.

"யோவ், நான் டிராக்டர் ஓட்டுறவன்யா! மண்டோர் அந்தா நிக்குறாங்க" என்று அவர்களுக்குப் புரியாத தமிழில் கத்தியவன், அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "என்னா புனிதா, ஒன் மீசய என் மூஞ்சில ஒட்டிட்டியா?"

"வாயப் பொத்திக்கிட்டு வண்டிய எடு."

நிரை நிரையாக ஆளைப் பிரித்துவிட்டாள். பத்து மணிக்குள் பழுக்காத குலை பதினொன்று வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் காலால் புரட்டிக் காட்டி மலாயில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். எட்டுத் தலையும் குனிந்தன. பரவாயில்லை, கேட்கிறார்கள் என்று நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

சாப்பாட்டு நேரத்தில் காலையில் சிரித்தவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"இனிமே பச்சையா வெட்ட மாட்டோம் மக்சிக். மண்டோர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து இவர்கள் பயந்தது யாருக்கு, தனக்கா, அவனுக்கா? எப்படி யோசித்தும் பிடிபடவில்லை.

காலி உரச்சாக்கு ஒன்றை உதறி எடுத்துப் படத்தின் மேல் கவிழ்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கீழே பேர் மட்டும் தெரிந்தது.

கஜன் பதறி ஓடிவந்தான். "அக்கா, மேனேஜர் கேட்டா என்ன சொல்றது?"

"மீச எடுக்கப் போயிருக்குன்னு சொல்லு."

சொல்லிவிட்டு நிரைக்குள் நடந்தவள், துண்டால் மேலுதட்டை ஒருதரம் துடைத்தாள். வேர்வைதான். கொஞ்ச தூரம் போய் இன்னொரு தரம் துடைத்துப் பார்த்துக்கொண்டாள்.