மொட்டை அறுத்த டயர்கள்

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் பழைய கார் மன்றம் செய்தி மடலுக்காக என்னிடம் அரைப் பக்கக் கட்டுரை கேட்டது. பொருள்: சின்னப் பழைய கார்களுக்கு, பந்தயத்துக்கு ஏற்ற டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி. நான் எழுதிய முதல் வரி:

"டயர் என்பது காருக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும்..."

நடுவே இருக்கும் எது? யோசித்தபோதெல்லாம் ஒரு மொட்டைத் தலைதான் கண்முன் வந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமானது நீண்ட நாள் உழைக்கும், ஆனால்..." இது உண்மைதான், அச்சிலும் ஏற்றலாம். ஆனால் இதில் மிர்த்தா இல்லை. மொட்டையும் இல்லை. அவர்கள் இல்லாமல் டயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஆகவே, மன்றத்தார் மன்னிக்கவும்.

2.

மிர்த்தா என் மனைவி. கோர்தோபா மலையடிவாரத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கியவள். அவளிடம் வான நீலத்தில் ஒரு பழைய ஃபியட் 600 இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. இலையுதிர்காலத்தில் நடக்கும் மலைச்சாலைக் கார் பந்தயத்தில் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வளைவைச் சொல்வேன்.

(முதல் வரைவில் அவளைப் பொறுமைசாலியாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "யாருடா குண்டா இவ? எனக்குத் தெரியாம எவளையாவது கட்டிக்கிட்டியா?" என்றாள். பொறுமையை நீக்கிவிட்டேன்.)

மொட்டையின் நிஜப் பெயர் எவாரிஸ்தோ. மாட்டு வைத்தியர். முன்பு அவரும் எங்களுடையதைப் போல ஒரு 600 வைத்திருந்தார். அதை விற்றுவிட்டு ஒரு மினி காரை வாங்கினார். அன்றிலிருந்து அவர் முதலிடம், நாங்கள் இரண்டாமிடம். விருந்துகளில் ஃபெர்னெட் மதுக் கோப்பையைத் தூக்கி, "என் பின்னாடி வர்ற அழகான புகைக்கு!" என்பார். மிர்த்தா, "உன் தலையை விட உன் டயருக்குத்தான் முடி ஜாஸ்தி, மொட்டை" என்பாள். அவர்கள் நட்பு அந்த ரகம்.

3.

அந்த வருடம் மிர்த்தா ஜெயிக்க முடிவு செய்தாள். இன்ஜினில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாயிற்று. மிச்சமிருந்தது டயர்.

எங்கள் சக்கரம் பன்னிரண்டு அங்குலம். அந்த அளவில் பந்தய டயர் கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பந்தயம் முடிந்து பார்பெக்யூ அடுப்பும் ஆறியிருக்கும். ஆனால் மொட்டையின் கொட்டகையில், 600 வைத்திருந்த காலத்தில் வாங்கிய நான்கு பந்தய டயர்கள் கிடந்தன. அவருடைய மினிக்கு அவை பொருந்தாது.

போனோம். துணியை விலக்கினார். நேற்று வாங்கியவை போல இருந்தன. சாலையைப் பிடிக்கும் பட்டன் கொஞ்சமும் தேயவில்லை.

"எனக்குக் குடு" என்றாள் மிர்த்தா.

"மாட்டேன்."

"நான் ஜெயிச்சுருவேன்னு பயமா?"

"ரப்பர் செத்துப்போச்சு, ஒல்லி. பாக்கத்தான் புதுசு. பக்கவாட்டுல வருஷம் போட்டிருக்கு பாரு. வெயில்ல கூடப் பிடிக்காது. ஈரத்துல சோப்பு."

மிர்த்தா குனிந்து, நோயாளியின் ஈறைத் தொடுவது போல ரப்பரை விரலால் அழுத்தினாள். "நல்லாத்தான் இருக்கு. நீ பொய் சொல்றே."

"நான் பொய் சொல்றேனா?"

"பின்ன? இத்தனை வருஷமா முன்னாடி போய் ருசி கண்டுட்டே."

மொட்டையின் முகம் தக்காளி போல ஆனது. மாட்டுக் குளம்பு சீவும் கத்தியை எடுத்தார். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். கதையில் என்னைத் தைரியசாலியாக்க விருப்பமில்லை. அவர் குனிந்து ஒரு டயரின் பக்கவாட்டில் கத்தியைச் செருகி இழுத்தார். பிறகு அடுத்தது. நான்கையும் அறுத்தார்.

"பைத்தியமா உனக்கு!" மிர்த்தா கத்தினாள்.

"ஆமா. நீ சொன்னாக் கேக்கற ஜென்மம் இல்ல. நான் இல்லாத நேரமாப் பாத்து வந்து தூக்கிட்டுப் போவே. எனக்குத் தெரியும்."

(தெரியும். எனக்கும் தெரியும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளே, "அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.)

4.

வேறு வழியில்லாமல் டவுனில் கிடைத்த சாதாரண டயரை வாங்கினோம். புதிது, ஆழமான பள்ளங்கள், குளிருக்கும் மழைக்கும் பழகியது. வேகமாக வளைவில் திருப்பினால் முனகும். "சந்தைக்குப் போற டயர்" என்றாள் மிர்த்தா. பந்தயம்வரை மொட்டையோடு பேசவில்லை. அவர் ரொட்டிக் கடையில் நின்றால் இவள் வெளியே நிற்பாள்.

5.

பந்தயத்தன்று கீழே வெயில். ஒரு காருக்கும் அடுத்ததற்கும் ஒரு நிமிட இடைவெளி. மொட்டை எங்களுக்கு முன்னால் கிளம்பினார். பாதி மலையில் மேகம் இறங்கியது. சாரல், மூடுபனி, பளபளக்கும் தார்.

"வலது, இறுக்கமானது" என்றேன்.

வளைவைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே...

இங்கேதான் பிரச்சினை. செய்தி மடலுக்கான வரைவில் இந்த இடத்தில் ஒரு மாட்டை நிறுத்தியிருந்தேன். மாடு இயல்பானது, எங்கள் மலையில் மாடுகளுக்குப் பஞ்சமில்லை. உண்மையை எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று பயந்தேன். ஆனால் மாட்டு வைத்தியருக்குப் பதில் மாட்டை நிறுத்துவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

குறுக்கே நின்றது மொட்டையின் மினி. வழுக்கிச் சுழன்று, ஓட்டுநர் கதவு எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே அவர், பெல்ட்டோடு போராடிக்கொண்டு. வளைவில் நின்ற கொடிக்காரன் ஆபத்துக்கான மஞ்சள் கொடியை ஆட்டியிருக்கிறான். பனியில் எங்களுக்குத் தெரியவில்லை.

மிர்த்தா பிரேக்கை மிதித்தாள். 600க்குப் பின்னால்தான் இன்ஜின். தவறாக மிதித்தால் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். சந்தைக்குப் போகிற அந்த நான்கு டயர்களும் தண்ணீரைப் பிளந்துகொண்டு தாரைப் பிடித்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எங்கள் முன்விளக்கின் மஞ்சள் வெளிச்சம் மொட்டையின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு காருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கலாம், ஒரு கதவைத் திறக்கலாம், அவ்வளவுதான்.

மிர்த்தா நடந்தாள். கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, அவரை இழுத்து வெளியே எடுத்தாள். நான் கொடிக்காரனை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடினேன். அடுத்த கார் வரவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

6.

இப்போது ஒரு நேர்மையான சந்தேகம். அந்தப் பழைய டயர்களோடு போயிருந்தாலும் நின்றிருப்போமா? ஒருவேளை. மிர்த்தா நன்றாக ஓட்டுபவள். அல்லது, அந்த டயர்களால் கீழ் வளைவுகளிலேயே தடுமாறி, தாமதமாகி, மினியை யாராவது நகர்த்திய பிறகு வந்து சேர்ந்திருப்போமா? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். இரண்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மூன்றாவதில் பாதிக்கு மேல் எழுதக் கை வரவில்லை. அந்தப் பாதி இதோ:

"மிர்த்தா பிரேக்கை மிதித்தாள், ஆனால் கார்"

நடக்காமல் போன ஒன்றுக்கு ஆதாரம் காட்ட முடியாது. ஆனால் நன்றி ஆதாரம் கேட்பதில்லை என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது. காலையில் மிர்த்தா குளியலறையில் சுருதி தப்பிப் பாடுவது கேட்கிறது. அதற்கு யாருக்கோ நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

7.

பந்தயம் ரத்தானது. எல்லோரும் கீழே கூடாரத்தில் ஒதுங்கினோம். மிர்த்தா போர்வையைச் சுற்றிக்கொண்டு மொட்டையின் அருகே உட்கார்ந்து, மாத்தே இலை போட்ட தேநீர்க் குடுவையில் சுடுநீர் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: ஒரே குடுவையில் மாறி மாறிக் குடிப்போம். குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பும்போது 'நன்றி' என்று சொன்னால், 'எனக்குப் போதும்' என்று அர்த்தம். அதற்குப் பிறகு உங்களுக்கு ஊற்ற மாட்டார்கள்.

மொட்டை குடித்தார். வாயைத் திறந்தார். மூடினார். குடுவையைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் ஊற்றினாள். மறுபடியும் குடித்தார்.

"போதுமா உனக்கு?" என்றாள்.

"குளிரு" என்றார். "இங்க குடு, நான் ஊத்தறேன்." பிளாஸ்கை அவர் வாங்கிக்கொண்டார். இப்போது குடிப்பது அவள் முறை. குடித்தாள். அவரைப் பார்த்தாள். இன்னொன்றுக்குக் குடுவையை நீட்டினாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. இலையின் சாரம் இறங்கி வெறும் வெந்நீர் ஆன பிறகும் இருவரும் நிறுத்தவில்லை.

யார் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை பிளாஸ்கில் இன்னும் நீர் இருக்கிறது. மொட்டை என் பக்கம் திரும்பி, "உனக்கு, குண்டா?" என்கிறார்.

நான் கையை நீட்டுகிறேன்.