தோற்றவன் எழுதிய தலையங்கம்

எங்கள் வாரத்தாளின் பெயர் 'உழைப்பொலி'. நான்கு பக்கம், மட்டமான காகிதம். முத்தியால்பேட்டையில் கல்யாணப் பத்திரிகையும் மரண அறிவிப்பும் அடிக்கிற ஓர் அச்சுக்கூடத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். அன்று எந்திரம் ஓடாது, மை வாடை மட்டும் இருக்கும். அடுத்த இதழ் என்ன சொல்லவேண்டும் என்று அங்கே உட்கார்ந்துதான் சண்டை போடுவோம்.

மூவரில் பெரியவர் நாராயணசாமி வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர்; பாரீசிலிருந்து கப்பலில் வரும் இடதுசாரித் தாள்களை ஒரு வரி விடாமல் படிப்பவர். அடுத்தவர் கோவிந்தசாமி. ஆலையில் நெசவாளியாக இருந்தார். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காக வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது சைக்கிள் பழுதுபார்க்கிறார். மூன்றாவது நான், பிரகாசம். பத்திரம் பதிவுசெய்யும் நோத்தேர் அலுவலகத்தில் நகல் எழுதுபவன். மீதி நேரமெல்லாம் மொழிபெயர்ப்பில் வந்த ருஷ்ய நாவல்கள். பனிச்சறுக்கு வண்டிகளும் ரொட்டிக் கடைகளும் எனக்கு எங்கள் தெருவைவிடப் பழக்கம்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாத்தியார் கொண்டுவந்தது. கை தூக்கி முடிவெடுப்போம். தோற்றவன்தான் தலையங்கம் எழுதவேண்டும். "எதிர்த்துப் பேசினவனுக்குத்தான் படிக்கிறவன் எங்க இடறுவான்னு தெரியும். அவன் எழுதினா ஓட்டை இருக்காது" என்பார். எழுதியவன் பெயர் வராது. யார் எந்தப் பக்கம் கை தூக்கினோம் என்பதும் அந்த அறையைத் தாண்டக் கூடாது.

நான் அடிக்கடி தோற்பவன். தலையங்கங்களில் பாதிக்கு மேல் என்னுடையவை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது ஜூலையில் அந்தக் கேள்வி வந்தது. ஐரோப்பாவில் சண்டை மூளும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியில் எங்களைப் போன்ற சில குடும்பங்கள் தாத்தா காலத்திலேயே உள்ளூர்ச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். அந்தக் காகிதம் வைத்திருந்தவர்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேரலாம். அவர்களுக்கு எங்கள் தாள் என்ன சொல்வது? போ என்றா, போகாதே என்றா?

"இதுல பேச என்னா இருக்கு?" என்றார் கோவிந்தசாமி. "ஹிட்லரு பாரீசுக்குள்ள வந்துட்டா நம்ம எட்டு மணி நேர வேலைச் சட்டம் நிக்குமா? அங்க தொழிலாளி கட்சிங்க ஒண்ணா சேந்து ஆட்சிக்கு வந்ததாலதான் இங்க அந்தச் சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி தறிகிட்ட எம்மா நேரம் நின்னேன்னு என் காலைக் கேளு, சொல்லும்."

"அந்த ஆட்சி போய் வருஷத்துக்கு மேல ஆச்சுண்ணே. இப்ப இருக்கிறவங்க அங்கயே சட்டத்தைக் கிழிச்சுட்டாங்க. வேலைநிறுத்தம் பண்ணவனைப் புடிச்சு உள்ள போட்டாங்க. இவங்க நடத்தப்போற சண்டை எப்படி நம்ம சண்டையாவும்?" என்றேன்.

"தம்பி மறுபடியும் நாவலைத் தொறந்துட்டாரு."

"நாவல் இல்லைண்ணே, கணக்கு. ஆலைக்குக் காக்கித் துணி கேட்டு வந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? சண்டை வந்தா முதலாளி ராவும் பகலும் ஓட்டுவான். நம்ம ஆளு ஒருத்தன் அங்க சாவான். இன்னொருத்தன் இங்க நின்னு அடுத்தவனுக்கு உடுப்பு நெய்வான்."

"ஏந்தம்பி, உன் ருஷ்யாக்காரனே ஹிட்லரை எதுக்கணும்ங்கறான். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். மதராஸ் பத்திரிகைகள் வெள்ளைக்காரக் கம்பெனி விளம்பரத்தில் பிழைக்கின்றன, பாரீசின் பெரிய பத்திரிகைகள் எஃகு முதலாளிகளின் சட்டைப்பையில் கிடக்கின்றன, உண்மை சொல்வது பாரீசில் கம்யூனிஸ்ட் தோழர்கள் நடத்தும் தாள் ஒன்றுதான் என்றார். மேசைமேல் இருந்த அந்தத் தாளைத் தட்டினார். "இது போகச் சொல்லுது."

"அது மூணு வாரத்துக்கு முன்னாடி சொன்னது, வாத்தியாரே."

"உண்மைக்கு மூணு வாரத்துல வயசாயிடாது, பிரகாசம்."

கை தூக்கினோம். இரண்டுக்கு ஒன்று. நான் தோற்றேன்.

மறுநாள் அலுவலகத்தில், யாரோ வீடு விற்கும் பத்திரத்தின் அடியில் காகிதத்தை மறைத்து வைத்துக்கொண்டு எழுதினேன். முதல் பத்தி வேண்டாவெறுப்பாக வந்தது. இரண்டாவது பத்தியில் எனக்குள் என்னவோ திறந்துகொண்டது. ரயிலடியில் விடைபெறுகிற இளைஞர்கள், ஒரே கறுப்பு ரொட்டியைப் பிய்த்துத் தின்னும் நாலு ஊர்க்காரர்கள், பனியில் புதைந்த காலை இழுத்து இழுத்து நடப்பவன். பனியை நான் கண்டதே இல்லை. 'உன் பெயரைத் தெரியாத ஒருவன் அங்கே உனக்காகக் காவல் நிற்கிறான். அவன் கை மரத்துப் போவதற்குள் நீ போய் அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொள்' என்று முடித்தேன். நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்தது. அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. ஆனால் எழுதும்போது கண் கலங்கியது உண்மை.

வாத்தியார் படித்துவிட்டு, "இதுக்குத்தான் உன்னைத் தோக்கடிக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

என் தங்கை அந்தோணிமேரியின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் புருஷன் சகாயநாதன் ஆலையில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தான். அவன் குடும்பத்திலும் அந்தக் காகிதம் இருந்தது. அதிகம் பேசாதவன். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பான், படித்ததை மறக்க மாட்டான். அடுத்த வாரம் நான் போனபோது மேரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். வீராம்பட்டினத்திலிருந்து கூடை கொண்டுவரும் அங்கம்மாளிடம் வாங்கிய சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து மாசம். சகாயநாதன் சட்டைப்பையிலிருந்து எங்கள் தாளை எடுத்தான். நாலாக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது.

"மச்சான், இதை வாத்தியார்தானே எழுதினாரு?"

"தாள் எழுதுனதுதான். அங்க ஆள் பேர் கிடையாது."

"யாரா இருந்தா என்ன. என் கையைப் புடிச்சுக் கூப்ட்ட மாதிரி இருக்குது. மூணு தரம் படிச்சேன். பேர் குடுக்கலாம்னு இருக்கேன்."

மேரி மீனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "ஒரு வாரமா இதேதாண்ணே. நீதானே எல்லாம் படிக்கிறே, அவங்களோட உக்காந்து பேசுறே. நீ சொல்லு. இவரு போவணுமா?"

அவள் கையில் செதில் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அறையில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தது என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. ஒருவன் என் எழுத்தை மூன்று தரம் படித்திருந்தான். அதை நானே பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"தாள்ல சொன்னதுதான் மேரி" என்றேன்.

மேரி மறுபடி மீனை எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து சகாயநாதன் பட்டாளத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை வாத்தியார் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு எங்களை அச்சுக்கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று அந்த வாரக் கப்பலில் வந்த பாரீஸ் தாள். ஹிட்லரைத் தடுக்க ருஷ்யாவோடு கைகோப்போம் என்று முதல் பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்து. இன்னொன்று காலையில் வந்த மதராஸ் தாள். ருஷ்யாவும் ஜெர்மனியும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டுவிட்டன.

"பொய்" என்றார் வாத்தியார். "லண்டன்காரன் கட்டிவிட்ட கதை."

"கடைத்தெருவுல ரேடியோவிலயும் சொல்லிட்டான் வாத்தியாரே" என்றார் கோவிந்தசாமி. "ரெண்டு தரம் நின்னு கேட்டுட்டு வந்தேன். மனுசன் பொய் சொன்னாலும் தடுமாறுவான். அந்தப் பொட்டி தடுமாறவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் பாரீஸ் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இந்த வாரமே எழுதிடுவோம்" என்றேன். "நாம மூணு பேருக்குள்ள ஒத்த கருத்து இல்ல, ஒருத்தன் வேணாம்னுதான் சொன்னான்னு எழுதுவோம். பேர் குடுக்க நினைக்கிறவன் இன்னும் ஒரு நாள் யோசிப்பான்."

"நம்மள்ல பிளவுன்னு நாமே எழுதறதா? முதலாளி ஆலை வாசல்ல ஒட்டி வெச்சுச் சிரிப்பான்" என்றார் வாத்தியார்.

"சிரிக்கட்டுமே."

"பாரீசுல தோழர்கள் என்ன சொல்றாங்கன்னு தெரியட்டும். அதுவரைக்கும் சண்டையைப் பத்தி ஒரு வரி வேணாம்."

"அது தெரிய மூணு வாரம் ஆவும், வாத்தியாரே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கோவிந்தசாமியைப் பார்த்தேன். அவர் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "போறவன் போறான், தம்பி" என்றார். "நான் நம்பித்தான் போகச் சொன்னேன். இப்பவும் நம்புறேன். ருஷ்யாக்காரன் கையெழுத்துப் போட்டான்னு ஹிட்லரு நல்லவனாயிட்டானா? கப்பலேறப் போறவன்கிட்ட போய் நாங்களே குழம்பிட்டோம்னு சொன்னா அவன் மனசு என்னாவும்?"

இரண்டுக்கு ஒன்று. சண்டையைப் பற்றி எதுவும் வராது. முத்தியால்பேட்டைச் சாக்கடையும் கொசுவும் பற்றித் தலையங்கம். தோற்றவன் நான். அந்த வாரம் கொசுவைப் பற்றி எழுதினேன்.

ஆனால் அன்று சாயங்காலமே மேரி வீட்டுக்குப் போனேன். சகாயநாதன் தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தத்தை, கை தூக்கியதை, தோற்றவன் எழுதும் வழக்கத்தை, அந்தத் தலையங்கம் என்னுடையது என்பதை.

அவன் கேட்டுக்கொண்டே ஒரு சட்டையை மூன்று முறை மடித்தான்.

"அப்போ, மச்சான், நீ எந்தப் பக்கம் கை தூக்குனே?"

"வேணாம்னு."

"வேணாம்னு நினைச்சுக்கிட்டுதான் அப்பிடி எழுதுனியா?"

"ஆமாம்."

அவன் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபமே வரவில்லை. புரியாத பிரெஞ்சுக் காகிதத்தைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டாச்சே" என்றான். "இப்ப போகலைன்னா ஜெயில்னு கையெழுத்து வாங்குன பட்டாளத்து முசே அன்னிக்கே சொல்லிட்டாரு. ஆனா மச்சான், நீ ஒண்ணும் பயப்படாதே. நல்லாத்தான் எழுதியிருந்தே."

மேரி அடுப்பங்கரை வாசற்படியில் நின்றிருந்தாள். "அன்னிக்கு உன்னைக் கேட்டேன்ல" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பரில் சண்டை வந்தது. வந்த நாலாம் நாள் அவர்கள் கப்பல். எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். கடற்பாலத்திலிருந்து சலங்குப் படகில் ஏற்றி அலைமேல் கொண்டுபோவார்கள். பதினாறு பேர் போனார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார், ஓர் அதிகாரி பிரெஞ்சில் பேசினார். சகாயநாதன் படகில் வாந்தி எடுப்பது கரையிலிருந்தே தெரிந்தது. மேரி என் பக்கத்தில் நிற்கவில்லை.

அந்த மாசமே பாரீசில் தோழர்களின் தாளைத் தடைசெய்த செய்தி வந்தது. எங்களுக்கும், அச்சாவதற்கு முன் எல்லாவற்றையும் அதிகாரியிடம் காட்டவேண்டும் என்று உத்தரவு. வாத்தியார் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் தாள் நின்றது; அச்சுக்கூடக்காரர் எங்கள் அச்செழுத்துகளைப் பிரித்து, கல்யாணப் பத்திரிகைப் பெட்டியிலேயே போட்டுவிட்டார்.

டிசம்பரில் ஒரு காலை, மேரி நிறைவயிற்றோடு என் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். கையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை. நான் ஓடிப் போனேன்.

"மேரி, கடுதாசியா? குடு, நான் படிக்கிறேன்."

அவள் உறையை மாற்றுக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "வேணாண்ணே. கோவிந்தசாமி அண்ணன்கிட்ட போறேன்."

"அவருக்குப் படிக்கவே அரை நாள் ஆவும். அவர்தானே உன் புருஷனைப் போகச் சொல்லிக் கை தூக்குனது?"

"ஆமா. அவரு நெனைச்சதைச் சொன்னாரு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலில் ரொம்ப தூரம் நடந்தவள்போல் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தாள். நான் கொஞ்சம் இடைவெளிவிட்டுப் பின்னால் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

கோவிந்தசாமி கடையில் சைக்கிள் ஒன்று தலைகீழாக நின்றது. கையைத் துணியில் துடைத்து, மறுபடி வேட்டியில் துடைத்துவிட்டு உறையைப் பிரித்தார். நான் தெருவோரத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் வைத்து, தப்பாகப் படித்தால் திரும்பப் படித்து, ஒரே குரலில் வாசித்தார்.

"நான்... நலம். நீயும்... வயித்துப் புள்ளையும் நலமா. இங்க பனி இல்ல. சைகோனுக்கு... பக்கத்துல பிரெஞ்சுக்காரன்... ரப்பர் தோட்டம். எங்களை... இங்கதான் வெச்சிருக்காங்க. ஜெர்மன்காரன் எவனையும்... பாக்கல. தோட்டத்துக் கூலிங்க... வேலைக்குப் போக... மாட்டேங்கறாங்க. நாங்க துப்பாக்கியோட... அவங்க எதிர்ல..."

விரல் நின்றது. அவர் அடுத்த வரியைக் கண்ணால் முன்பே படித்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. அவருக்குப் பொய்யாக ஒரு வரி கட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எத்தனை அழகாக ஒரு வரி போட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

"படிங்கண்ணே" என்றாள் மேரி. "என்ன இருக்கோ அதைப் படிங்க."

கோவிந்தசாமி விரலை நகர்த்தினார்.