முன்னங்காலில் சூடு

எழுந்தேன். பல் துலக்கினேன். காபி போட்டுக் குடித்தேன். கொடியில் அவளுடைய சாக்ஸ் கிடக்கிறது. எடுக்கவில்லை. லாயத்துக்கு நடந்தேன்.

நான் அங்கே கால்நடை மருத்துவர். காலையில் எல்லாக் குதிரைகளின் கால்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாணில் புறங்கையை வைப்பேன். முதலில் இடது, பிறகு வலது. ஒன்று மட்டும் சுட்டால் உள்ளே காயம்.

கடைசிக் கொட்டடியில் கழுதை. பத்திரிகைகளில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. கழுதை என்பது என் மனைவி வைத்த செல்லப்பெயர். அவள்தான் அதன் ஜாக்கி. மூன்று வயதுக் குதிரைகளுக்கு மூன்று பந்தயம். மூன்றையும் ஒரே குதிரை ஜெயித்தால்தான் பட்டம். இரண்டை அவளும் கழுதையும் ஜெயித்தார்கள். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

மூன்றாவது பந்தயம் நாளை. வேறு ஜாக்கி.

இடது முன்னங்கால் சுட்டது.

"என்ன மாப்பிள்ளை, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" மாமனார் பின்னால் நின்றார். அவர்தான் பயிற்சியாளர்.

"இடது கால் சுடுது மாமா."

"உங்க கை ஐஸ்கட்டி. நீங்க தொட்டா செவுத்துக்கும் காய்ச்சல்தான்…"

அது அவளுடைய கேலி. லாயமே அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறது. பாதியில் அவருக்கே உறைத்தது. நிறுத்திக்கொண்டார்.

ஆனால் உண்மைதான். குளிர்ந்த கைக்கு எந்தக் காலும் சுடும். இரண்டு கைகளையும் தேய்த்தேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். மறுபடி தொட்டேன். அப்போதும் சுட்டது. கழுதை காலை இழுத்துக்கொண்டது.

"லேசாத்தானே?"

"லேசாத்தான். ஓடினா அறுந்துடும்."

"அடுத்த வருஷம் இதுக்கு நாலு வயசு மாப்பிள்ளை. இந்தப் பந்தயம் திரும்ப வராது."

"தெரியும் மாமா."

"கடைசியா அவ இதைத்தான் கேட்டாளாம். கழுதை ஜெயிக்கணும்னு. எல்லாரும் சொல்றாங்க. நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"

நான் நகர்ந்து இடம் விட்டேன். அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து தன் கையை அந்தக் காலில் வைத்தார். எடுக்கவே இல்லை. கழுதை குனிந்து அவர் தலையை முகர்ந்தது.

"பந்தயத்துலேருந்து பேரை எடுத்துடச் சொல்றேன்," என்றார். எழுந்திருக்கவில்லை. "சொல்லுங்க. என்னதான் சொன்னா?"

கடைசி நாள் மருத்துவமனையில் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தேன். பழக்கம். அவள் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் கோணலாகச் சிரித்தது. அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"யப்பா, ஜில்லுனு இருக்கு. தேய்ச்சுட்டு வந்து தொடுங்க, டாக்டரே."